ஆட்டம் மேடையில், பொறுப்பு யாரிடம்?

குலசேகரப்பட்டினம் தசராவும், கோர்ட்டுக்குப் போன நடனமும்

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது குலசேகரப்பட்டினம். ஒரு காலத்தில் முத்துக்கும் உப்புக்கும் பெயர் பெற்ற துறை. இன்று அங்கே ராக்கெட் ஏவுதளம் எழும்புகிறது. 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிரதமர் அதற்கு அடிக்கல் நாட்டினார்.

ஆனால், தென்பாண்டிச் சீமையில் "குலசை" என்றால் ஜனங்களுக்கு முதலில் ஞாபகம் வருவது ராக்கெட் அல்ல. முத்தாரம்மன் கோவில் தசரா!

கொடி ஏறியதும் பக்தர்கள் கையில் காப்புக் கட்டிக் கொள்கிறார்கள். பிறகு வேடம் போடுகிறார்கள். காளி, ராஜா, போலீஸ்காரர், பிச்சைக்காரர், குரங்கு, கரடி என்று எத்தனையோ வேடங்கள். ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, அதை அம்மன் உண்டியலில் சேர்க்கிறார்கள். லட்சாதிபதியும் பிச்சைக்கார வேடத்தில் கை நீட்டுவான். "நான்" என்ற அகந்தை ஒழிய வேண்டும் என்பது நேர்த்திக்கடனின் பொருள்.

பத்தாம் நாள் இரவு கடற்கரையில் சூரசம்ஹாரம். கடலில் அலை ஒரு பக்கம். கரையில் ஜன அலை ஒரு பக்கம்!

இந்தத் திருவிழாவில் ஆட்டம் இல்லாத இடமே கிடையாது. வேடம் கட்டியவர் ஆடுவார். மேளம் அடிப்பவர் ஆடுவார். தசரா குழுக்கள் கரகாட்டத்தையும், நடனக் கோஷ்டிகளையும் அழைத்து வருவதும் உண்டு.

இப்படிப்பட்ட ஆட்டம் ஒரு நாள் கோர்ட்டுப் படி ஏறியது.

ஐகோர்ட்டு சொன்னது என்ன?

சில குழுக்கள் வெளியூரில் இருந்து நடனப் பெண்களை அழைத்து வருகின்றன. அவர்களை அரைகுறை ஆடையில் சினிமாப் பாட்டுக்கு ஆட விடுகின்றன. விரதம் இருந்து வரும் குடும்பங்கள் முகம் சுளிக்கின்றன. இதுதான் புகார்.

2022-ம் ஆண்டு தசராவை ஒட்டி, மதுரை ஐகோர்ட்டுக் கிளை இந்தப் புகாரை விசாரித்தது. தசராவில் ஆபாச நடனம் கூடாது, ஆபாசப் பாட்டு கூடாது என்று உத்தரவு பிறந்தது. அதை மேற்பார்க்கும் வேலை போலீசாருக்கு வந்தது.

குலசைக்கு மட்டும் உள்ள கதை அல்ல இது. தமிழ்நாட்டில் கோவில் கொடைகளில் "ஆடல் பாடல்" நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டு, ஆண்டுதோறும் ஏராளமான மனுக்கள் ஐகோர்ட்டுக்குப் போகின்றன. ஐகோர்ட்டும் நிபந்தனைகளோடு அனுமதி கொடுக்கிறது. ஆடை ஆபாசமாக இருக்கக் கூடாது. இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது. சாதியையோ மதத்தையோ கட்சியையோ இழுக்கக் கூடாது. குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். மீறினால் போலீசார் நிறுத்தலாம்.

நிபந்தனைகள் நல்லவைதான். அவற்றில் பெரும்பாலானவை மேடையைப் பார்த்துச் சொன்னவை. மேடைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிபந்தனை என்ன?

யோசிக்க வேண்டிய கேள்வி இது. எந்த ஆட்டமும் பார்ப்பவர் இல்லாமல் நடப்பதில்லை. கூட்டம் எதற்குக் கை தட்டுகிறதோ, அதுவே மறுநாள் மேடையில் இரண்டு மடங்காக வருகிறது.

ஒரு ரூபாய் நோட்டின் கதை

சம்பவம் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

கொடைக்கு ஒரு கரகாட்டக் கோஷ்டி வருகிறது. நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி என்று நையாண்டி மேளம் முழங்குகிறது. தலையில் கரகம் வைத்து ஒரு பெண் ஆடுகிறாள். கையால் பிடிக்காமல், கழுத்தின் நிதானத்தில் கரகத்தை நிறுத்துகிறாள். பல வருஷப் பயிற்சி அது. கூட்டத்தில் நாலு பெரியவர்கள் தலையை ஆட்டி ரசிக்கிறார்கள்.

அப்போது, முன்வரிசையில் ஒருவர் எழுந்திருக்கிறார். கொஞ்சம் "தண்ணி" போட்டிருக்கிறார். கையில் ஒரு நோட்டு. அதை அந்தப் பெண்ணின் கையில் கொடுக்கவில்லை. சட்டையில் குத்தப் போகிறார். கூட்டம் "ஹோ" என்று கத்துகிறது. விசில் பறக்கிறது.

அந்த ஒரு நிமிஷத்தில், கோஷ்டித் தலைவருக்கு ஒரு பாடம் கிடைத்து விடுகிறது. கரகத்தை நிறுத்தியதற்கு நோட்டு வரவில்லை. இடுப்பை அசைத்ததற்கு வந்தது. அடுத்த ஊரில் அவர் எதை நீட்டுவார், எதைக் குறைப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த வருஷம் விழாக் கமிட்டியார் தேதி பேச வருகிறார்கள். "போன தடவை போல விசில் பறக்க வேண்டும்" என்கிறார்கள். அதற்குத் தகுந்த கோஷ்டிக்கே முன்பணம் கிடைக்கிறது. நல்ல ஆட்டக்காரி வீட்டில் இருக்கிறாள். வயிறு காய்ந்தால் அவளும் மாறுகிறாள்.

கமிட்டியார், கோஷ்டித் தலைவர், ஆடும் பெண், நோட்டு நீட்டியவர், விசில் அடித்தவர் என்று ஐந்து பேர் சேர்ந்து உண்டாக்கிய ஆபாசம் இது. ஆனால், ஊரில் கெட்ட பெயர் வருவது ஒருத்திக்கு மட்டும்! போலீசார் வந்தால் நோட்டு நீட்டியவர் இருட்டில் மறைந்து விடுவார். மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நிற்பவள் எங்கே போவாள்?

சட்டம் பார்ப்பவரைத் தொடாதா?

தொடும்! பலருக்கு இது தெரிவதில்லை.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக, 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல் பாரதீய நியாய சன்ஹிதா அமலில் இருக்கிறது. அதன் 296-வது பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லை தரும் ஆபாசச் செயலையும் ஆபாசப் பாட்டையும் குற்றம் என்கிறது. ஆடுபவர் செய்தாலும் குற்றம்; பார்ப்பவர் செய்தாலும் குற்றம். "மேடையில் இருப்பவர்" என்று அதில் தனியாகச் சொல்லவில்லை.

79-வது பிரிவு, ஒரு பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கத்தோடு பேசும் பேச்சையும், காட்டும் சைகையையும் குற்றம் என்கிறது. 74-வது பிரிவு, மானபங்க நோக்கத்தோடு பெண் மீது கை வைப்பதைக் குற்றம் என்கிறது. ஆட்டக்காரி என்பதால் அவளுக்கு இந்தப் பாதுகாப்பு குறைந்து விடாது. மேடையில் ஏறிய பெண், தன் மானத்தைக் கீழே இறக்கி வைத்து விட்டு ஏறவில்லை.

பணம் வீசும் வழக்கத்தைப் பற்றிச் சுப்ரீம் கோர்ட்டே பேசியிருக்கிறது.

பம்பாயில் மது அருந்தும் ஓட்டல்களில் பெண்கள் ஆடுவதை, 2005-ம் ஆண்டு மராட்டிய அரசு தடை செய்தது. சுமார் 75 ஆயிரம் பெண்கள் பிழைப்பை இழந்ததாக வழக்கில் சொல்லப்பட்டது. அவர்களில் பலர் வேறு வழியின்றி அதைவிட மோசமான நிலைக்குத் தள்ளப்பட்டார்கள் என்றும் வாதம் நடந்தது. 2006-ல் பம்பாய் ஐகோர்ட்டு அந்தத் தடை செல்லாது என்றது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. அரசு மீண்டும் புதிய சட்டம் போட்டது. 2019-ம் ஆண்டு ஜனவரி மாதம் சுப்ரீம் கோர்ட்டு கடைசியாக ஒரு தீர்ப்புச் சொன்னது.

அந்தத் தீர்ப்பில், ஆட்டத்தை அடியோடு ஒழிக்கும் கடும் நிபந்தனைகள் பல நீக்கப்பட்டன. ஆனால் ஒன்று நிலைத்தது. ஆடும் பெண் மீது பணத்தை வாரி இறைக்கக் கூடாது! மகிழ்ந்து இனாம் கொடுக்கலாம், எறியக் கூடாது.

கொடுப்பதற்கும் எறிவதற்கும் உள்ள வித்தியாசத்தை, தீபாவளி இனாம் கொடுக்கும் எந்தக் குடும்பத் தலைவியைக் கேட்டாலும் சொல்வாள். கையில் கொடுத்தால் அது மரியாதை. காலடியில் எறிந்தால் அது அவமானம். தொகை ஒன்றுதான், பொருள் வேறு.

மாதவிக்குக் கிடைத்த பரிசு

நடனத்தைப் பார்த்துப் பரிசு கொடுப்பது தமிழருக்குப் புதிது அல்ல.

சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றம் வருகிறது. மேடையின் அளவு கூட அதில் இருக்கிறது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல். ஆடி முடித்த மாதவிக்குச் சோழ மன்னன் "தலைக்கோலி" என்ற பட்டமும், 1,008 கழஞ்சு பொன்னும் அளித்தான். ஆட்டம் தெரிந்தவர்கள் கூடிய சபையில், கலைக்குத் தந்த வெகுமதி அது.

பரத முனிவரின் நாட்டிய சாஸ்திரமோ, பார்ப்பவர்களுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறது. ஒரு நாட்டியம் வெற்றி பெற்றதா என்று எப்படித் தெரிந்து கொள்வது? அதற்கு இரண்டு அடையாளங்கள் சொல்கிறது.

ஒன்று, மனித வெற்றி. ஜனங்கள் புன்னகை செய்கிறார்கள், வாய்விட்டுச் சிரிக்கிறார்கள், "பலே" என்கிறார்கள், "ஐயோ" என்று இரங்குகிறார்கள், மயிர்க் கூச்செறிந்து எழுந்து நிற்கிறார்கள், மோதிரத்தையும் ஆடையையும் பரிசளிக்கிறார்கள்.

இரண்டாவது, தெய்வ வெற்றி. கொட்டகை நிறைந்திருக்கிறது, ஆனால் ஒரு சத்தம் இல்லை, ஒரு கலக்கம் இல்லை!

கை தட்டுவதும் சிரிப்பதும் தப்பு என்று அந்த நூல் சொல்லவில்லை. நல்ல ரசிகன் பாத்திரத்தோடு சேர்ந்து மகிழ வேண்டும், பாத்திரத்தோடு சேர்ந்து அழ வேண்டும் என்கிறது. எல்லாக் குணமும் ஒரே ஆளிடம் இருக்காது என்றும் ஒப்புக் கொள்கிறது. வாலிபனுக்கு ஒன்று பிடிக்கும், கிழவருக்கு ஒன்று பிடிக்கும். எல்லாரும் கூடி ரசிப்பதுதான் சபை.

விசில் அடிப்பதும் இந்தக் கணக்கில் சேருமா என்று கேட்கலாம். கரகத்தை நெற்றியில் இறக்கி நிறுத்திய சாமர்த்தியத்துக்கு விசில் அடித்தால், அது "பலே"தான். ஆடும் பெண்ணின் உடம்பைப் பார்த்து அடித்தால், அதில் ரசனை எங்கே இருக்கிறது?

தூத்துக்குடி தந்த நாடக ஆசான்

பார்ப்பவர் மனத்தில் ஆட்டமும் வேடமும் என்ன செய்யும் என்பதற்கு, இந்தச் சீமையிலேயே ஒரு சாட்சி உண்டு.

தமிழ் நாடக உலகின் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ம் ஆண்டு பிறந்தவர். இளமையில் எமன், சனீஸ்வரன் போன்ற பயங்கர வேடங்களைக் கட்டுவார். ஒருநாள் அவருடைய வேடத்தின் உக்கிரத்தைப் பார்த்து, கூட்டத்தில் இருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கருக் கலைந்து விட்டது என்பது நாடக உலகில் வழங்கி வரும் செய்தி. மனம் நொந்த சுவாமிகள் வேடம் கட்டுவதையே விட்டு விட்டு, நாடகம் எழுதவும் சொல்லிக் கொடுக்கவும் தொடங்கினார் என்பார்கள்.

எதிரே இருப்பவர்களுக்குத் தன் வேடம் என்ன செய்கிறது என்று அவர் கவலைப்பட்டார். அப்படியானால், மேடையில் இருப்பவருக்குத் தன் செய்கை என்ன செய்கிறது என்று எதிரே இருப்பவரும் கவலைப்பட வேண்டாமா?

90 ஆண்டுகளுக்கு முன் நடந்த சண்டை

"இந்த ஆட்டம் ஆபாசம், இதை ஒழிக்க வேண்டும்" என்ற குரல் குலசையில் முதல் முதலாகக் கேட்டது அல்ல. இன்று உலகம் கொண்டாடும் பரதநாட்டியமே இந்தப் பேச்சைக் கேட்டது!

அப்போது அதற்குச் "சதிர்" என்று பெயர். கோவில்களில் தேவதாசிகள் ஆடினார்கள். பொட்டுக்கட்டும் வழக்கத்தால் சிறுமிகளின் வாழ்வு பாழாவதைக் கண்டு கொதித்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அதை ஒழிக்கப் பாடுபட்டார். "வழக்கத்தை ஒழியுங்கள்; ஆனால் கலையை அழிக்காதீர்கள்" என்ற கட்சியில் நின்றார் வக்கீல் ஈ.கிருஷ்ணய்யர். 1932-ம் ஆண்டு இருவருக்கும் பத்திரிகைகளில் பெரிய விவாதமே நடந்தது.

சென்னை மியூசிக் அகாடமியில் 1931-ம் ஆண்டு மார்ச் மாதம், திருவாளப்புத்தூர் கல்யாணி அம்மாளின் பெண்கள் ஆடினார்கள். கூட்டம் அதிகம் இல்லை. விவாதம் சூடு பிடித்த பிறகு, 1933-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அதே சகோதரிகள் அங்கே ஆடினார்கள். இந்தத் தடவை நல்ல கூட்டம்! 1935-ல் அடையாற்றில் ருக்மிணி தேவி மேடை ஏறினார். 1947-ம் ஆண்டு பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி ஒழிந்தது.

முத்துலட்சுமி ரெட்டியின் போராட்டம் நியாயமானது. எத்தனையோ சிறுமிகள் தப்பினார்கள். அதே சமயம், அந்தக் கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய பெண்கள் பலர் மேடையை இழந்தார்கள். ஆட்டம் சபைக்கு வந்தது. ஆடியவர்கள் மூலைக்குப் போனார்கள். விராலிமலை முருகன் கோவிலில் பொட்டுக்கட்டப்பட்டு ஆடிய முத்துக்கண்ணம்மாளுக்கு, முதுமைக் காலத்தில், 2022-ம் ஆண்டில்தான் பத்மஸ்ரீ விருது வந்தது.

கெட்ட வழக்கத்தை வெட்டும்போது, அதில் மாட்டிக் கொண்ட பெண்ணையும் சேர்த்து வெட்டி விடக் கூடாது. அந்தக் காலத்து அனுபவம் இன்றைக்குச் சொல்லும் புத்திமதி இது.

பாரிஸ் நகரில் ஒரு கலாட்டா

கூட்டம் எப்போதும் சரியாகவே தீர்ப்புச் சொல்லும் என்றும் நினைக்கக் கூடாது.

1913-ம் ஆண்டு மே 29-ந் தேதி. பாரிஸ் நகரின் ஒரு பெரிய தியேட்டர். ரஷ்ய நாட்டு நடனக் கோஷ்டி புதிய நடனம் ஒன்றை ஆடியது. இசை அமைத்தவர் ஸ்ட்ராவின்ஸ்கி. நடனம் அமைத்தவர் நிஜின்ஸ்கி. வசந்த காலத்தை வரவேற்க ஒரு பெண்ணைப் பலியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; அவள் ஆடி ஆடியே உயிர் விடுகிறாள். இதுதான் கதை.

அழகான பாவாடை, பூப்போல மிதக்கும் கால்கள் என்று எதிர்பார்த்து வந்த சீமான்களுக்கு அது பிடிக்கவில்லை. சிரித்தார்கள், கத்தினார்கள், ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டார்கள். ஆடுபவர்களுக்கு வாத்தியச் சத்தமே காதில் விழவில்லை. நிஜின்ஸ்கி மேடையின் பக்கத் திரைக்குப் பின்னால் நாற்காலி மேல் ஏறி நின்று, தாளக் கணக்கை உரக்கச் சொன்னார். அவர்களும் கடைசி வரை ஆடி முடித்தார்கள்.

அன்று கேலிக்கு ஆளான அந்த நடனம், இன்று நூற்றாண்டின் தலைசிறந்த படைப்புகளில் ஒன்று என்று பெயர் வாங்கியிருக்கிறது. புதியது, பழகாதது என்பதால் ஒன்றை ஆபாசம் என்று சொல்லி விடக் கூடாது.

குலசையிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். கரகாட்டம் என்ற பேரைக் கேட்டதும் முகத்தைச் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். அம்மன் ஊர்வலத்தில் வரும் சக்தி கரகமும் கரகம்தான். ஆட்டக் கரகத்திலும் வித்தை இருக்கிறது. நாலு கோஷ்டி கெட்டால், நாற்பது கோஷ்டியையும் தள்ளி வைப்பது நியாயம் அல்ல.

ஒரு சமூகம் கேட்ட நியாயம்

சிரிப்பு மூட்டும் ஆட்டத்திலும் ஒருவருக்குக் காயம் படலாம் என்பதற்கு இன்னொரு உதாரணம் உண்டு.

கரகாட்டத்தோடு "குறவன் குறத்தி ஆட்டம்" என்று ஒன்று நடப்பது வழக்கம். காலப் போக்கில் அதில் இரட்டை அர்த்தப் பேச்சும் அருவருப்பான சைகையும் நுழைந்தன. ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பெயருக்கு உரிய சமூகத்துப் பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் அந்தக் கேலியைச் சுமந்தார்கள். அவர்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2023-ம் ஆண்டு மதுரை ஐகோர்ட்டுக் கிளை தலையிட்டது. தமிழக அரசும் அந்தப் பெயரில் ஆடுவதைத் தடை செய்து ஆணை பிறப்பித்தது.

பல வருஷங்களாக அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்களில் கெட்டவர்கள் மட்டுமா இருந்தார்கள்? நல்ல குடும்பத்தார் எத்தனையோ பேர் இருந்தார்கள். "எல்லாரும் சிரிக்கிறார்களே" என்று அவர்களும் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசிக்கவில்லை.

கையில் ஒரு கண்ணாடிப் பெட்டி

பழைய கூட்டத்துக்கும் இன்றைய கூட்டத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் வந்து விட்டது. அது செல்போன்.

முன்பெல்லாம் ஆட்டம் விடியும்போது முடிந்து விடும். பார்த்தவர் மனத்தில் மட்டும் மிச்சம் இருக்கும். இன்று நூறு கைகள் உயர்கின்றன. மூன்று மணி நேரம் ஒழுங்காக ஆடியது யாருக்கும் வேண்டாம். சேலை நழுவிய பத்து நொடி போதும்! அதை வெட்டி எடுத்து, கீழே ஒரு கெட்ட வார்த்தையைப் போட்டு, உலகம் முழுவதும் அனுப்பி விடுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் மகன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவனாக இருக்கலாம். அவன் தோழன் கையிலும் அதே செல்போன் இருக்கலாம். தாயின் பத்து நொடியைப் பிள்ளை வருஷக் கணக்காகச் சுமக்க வேண்டியிருக்கும்.

படம் எடுப்பவர் பெரும்பாலும் ஆட்டத்தையே பார்ப்பது இல்லை. எதிரே உயிரோடு ஒரு பெண் ஆடுகிறாள். அவர் கண்ணோ உள்ளங்கையளவு கண்ணாடியில் இருக்கிறது. நேரில் வந்தும் நேரில் பார்க்காதவர் அவர்!

பழைய ரசிகர்கள் எங்கே போனார்கள்?

இந்தக் கடற்கரையில் நல்ல ரசிகர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

சுடலை மாடன் கொடையில் கணியான் கூத்து நடக்கும். உச்சம் என்றும் மந்தம் என்றும் இரண்டு மகுடங்கள் முழங்கும். அண்ணாவி கதை பாடுவார். ஆண்களே பெண் வேடம் பூண்டு சலங்கை கட்டி ஆடுவார்கள். விடிய விடியச் சாமி கதையைக் கேட்கும் கூட்டத்துக்கு, எந்த இடத்தில் அடி பிசகியது என்று தெரியும்.

முத்துக்குளித்துறைக் கத்தோலிக்க ஊர்களில் வாசாப்பு நாடகம் ஆடினார்கள். புனிதர்களின் கதையை ஊரே கூடிப் பார்த்தது. எட்டயபுரம் பக்கத்தில் ஜமீன் கோடாங்கிப்பட்டியில் தேவராட்டம் இருக்கிறது. பாட்டுக் கிடையாது; தேவதுந்துபி என்ற மேளம் ஒன்றே துணை. அந்த ஊர்க் கலைஞர் குமாரராமன் போன்றவர்கள், அதை ஊர் எல்லையைத் தாண்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இன்று பள்ளி, கல்லூரி விழாக்களில் தேவராட்டம் ஆடாத இடம் குறைவு.

இந்த ஆட்டங்களில் எதற்கும் போலீஸ் நிபந்தனை தேவைப்பட்டது இல்லை. காரணம், பார்த்தவர்களுக்கு அது "நம்ம ஆட்டம்". ஆடியவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். வெளியூரில் இருந்து ஒரு இரவுக்கு வரும் பெண்ணோ, யாருக்கும் சொந்தம் இல்லாதவள். அவளும் ஒரு வீட்டுப் பெண் என்ற நினைப்பு இல்லாத இடத்தில்தான் விபரீதம் தொடங்குகிறது.

2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா நோய் காரணமாகக் குலசை தசராவில் கட்டுப்பாடு வந்தது. சூரசம்ஹாரம் கடற்கரையில் நடக்காமல், கோவில் வளாகத்தோடு முடிந்தது. தமிழ்நாடு முழுவதும் திருவிழாக்கள் நின்றன. மேளக்காரர்களும் ஆட்டக்காரர்களும் வருமானம் இன்றித் தவித்தார்கள். 2007-ல் ஏற்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தின் உதவியை அவர்கள் எதிர்பார்த்து நின்றார்கள். திருவிழாக் கூட்டம்தான் அவர்களுக்குச் சோறு போடுகிறது என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது.

ஆகவே, கூட்டத்தின் கையில் இருப்பது பெரிய அதிகாரம். கோர்ட்டு கெட்ட ஆட்டத்தைத் தடுக்கலாம். நல்ல ஆட்டத்தை உண்டாக்க அதனால் முடியாது. பார்ப்பவர்களால் முடியும்!

குடும்பங்கள் என்ன செய்யலாம்?

முதல் வேலை, முன்வரிசையைப் பிடிப்பது. இன்று பல ஊர்களில் ஆட்டம் தொடங்கியதும் பெண்களும் குழந்தைகளும் எழுந்து போய் விடுகிறார்கள். காலியான இடத்தில் குடிகாரர் வந்து உட்காருகிறார். தாய்மாரும் பெரியவர்களும் முன்னால் உட்கார்ந்து விட்டால், நோட்டு குத்த வருகிறவருக்குக் கால் கூசும். ஆடும் பெண்ணுக்கும் துணிச்சல் வரும்.

இரண்டாவது, வரி கொடுக்கும்போதே கேட்பது. கொடைக்கு வரி கொடுக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும், எந்தக் கோஷ்டி வருகிறது, என்ன பேசி முடித்தீர்கள் என்று கமிட்டியைக் கேட்க உரிமை உண்டு. பேசிய கூலியை முழுசாகக் கொடுத்து விட்டால், ஆட்டக்காரி நோட்டை எதிர்பார்த்து நிற்க வேண்டியது இல்லை.

மூன்றாவது, வெகுமதியை மரியாதையாகக் கொடுப்பது. மேடையில் பெயர் சொல்லி, கையில் கொடுக்கலாம். கமிட்டி மூலம் மொத்தமாகவும் கொடுக்கலாம். ஆடுபவருக்கு மட்டும் அல்ல. தவில்காரருக்கும் பம்பைக்காரருக்கும் கொடுத்தால், வித்தைக்கு மதிப்பு ஏறும்.

நான்காவது, கேட்காமல் படம் எடுக்காமல் இருப்பது. எடுத்தால், ஆட்டத்தை எடுக்கலாம். உடம்பைத் தேடக் கூடாது. தப்பாக எடுத்தது கைக்கு வந்தால், அடுத்தவருக்கு அனுப்பாமல் அழித்து விட வேண்டும்.

ஐந்தாவது, நன்றாக இருந்தால் வாய்விட்டுச் சொல்வது! நல்லவர்கள் மௌனமாக இருந்து, கெட்டவர்கள் மட்டும் சத்தம் போட்டால், மேடைக்குக் கெட்டவர் சத்தம்தான் கேட்கும். கரகம் நின்றால் கை தட்ட வேண்டும். தாளம் விழுந்தால் "சபாஷ்" போட வேண்டும். காளி வேடக்காரர் உக்கிரமாக வந்தால் குழந்தைகளுக்குக் கதையைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

ஆபாசம் எல்லை மீறினால், மேடையோடு சண்டை போட வேண்டியது இல்லை. கமிட்டியாரை அழைத்து நிறுத்தச் சொல்லலாம். கேட்காவிட்டால் எழுந்து வந்து விடலாம். கூட்டம் இல்லாத ஆட்டத்துக்கு அடுத்த வருஷம் யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள்.

முத்துச் சலாபம் நடந்த நாளில், சிப்பிகளைத் திறக்காமலே குவியல் குவியலாக ஏலம் விட்டார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவனுக்குத் தெரியாது. அது அதிர்ஷ்டத்தின் வேலை. 1961-ம் ஆண்டோடு இந்தக் கடலில் அந்தச் சலாபம் முடிந்து போயிற்று. ஆட்டத்துக்கு அப்படி அதிர்ஷ்டம் ஒன்றும் தேவை இல்லை. எதிரே, விளக்கு வெளிச்சத்தில், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. எது நல்லது என்று பார்த்து எடுத்துக் கொள்வது பார்ப்பவர் வேலை.

ஆடுகிறவள் இரவு முழுவதும் ஆடி விட்டு, விடிந்ததும் சலங்கையை அவிழ்த்து, பஸ் பிடித்துத் தன் பிள்ளைகளிடம் போக வேண்டும். அவள் தலை நிமிர்ந்து போகிறாளா, குனிந்து போகிறாளா என்பது, எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அந்த இரவில் எப்படி நடந்து கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது.